முகூர்த்தத்துக்கு எடுத்துவைத்த புது பேட்டரி

கல்யாணங்களுக்கு போட்டோ எடுப்பது என் தொழில். கேமராவுக்கு இன்னொரு பேட்டரி தேவைப்பட்டபோது, கம்பெனி பேட்டரி விலையைக் கேட்டு மலைத்துப்போய் லோக்கல் பேட்டரி வாங்கினேன்.

சென்ற மாதம் மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாணம். நான் பெண் வீட்டுக்கு. மாப்பிள்ளை வீட்டார் தனியாக ஒரு போட்டோகிராபரை அழைத்திருந்தார்கள். மேடை முன்னால் யார் நிற்பது என்று காலையிலேயே எங்களுக்குள் வாய்த்தகராறு.

நான் செய்த தப்பு இதுதான். பழைய கம்பெனி பேட்டரியைக் காலைச் சடங்குகளிலேயே தீர்த்துவிட்டு, புதுசாயிற்றே என்று லோக்கலை முகூர்த்தத்துக்கு எடுத்துவைத்திருந்தேன். போட்டதும் ஃபுல் சார்ஜ் காட்டியது. பெரியவர்களின் ஆசீர்வாதத்துக்காகத் தாலித் தட்டு சுற்றி வரும்போது, கேமரா பட்டென்று அணைந்துவிட்டது. எத்தனை முறை அழுத்தியும் உயிர் வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராபர் இதைப் பார்த்துவிட்டார். நல்லவேளை, இருவருடையதும் ஒரே மாடல் கேமரா. தன் பையிலிருந்து கம்பெனி பேட்டரியை எடுத்து, "தகொள்ளி மேடம், பேக ஹாக்கி" என்று கன்னடத்தில் சீக்கிரம் போடச் சொன்னார். காலையில் விட்டுக்கொடுக்காத இடத்திலிருந்து நகர்ந்தும் நின்றார். மூன்று முடிச்சும் எனக்குக் கிடைத்தன.

இப்போது லோக்கல் பேட்டரி வீட்டில் பழகிப் பார்க்க மட்டும்தான். பையில் கூடுதலாக இரண்டு கம்பெனி பேட்டரி. ஒன்று எனக்கு. இன்னொன்று, நான் இடத்துக்குச் சண்டை போடப்போகும் சம்பந்தி வீட்டு போட்டோகிராபருக்கு.

– ம. செல்வி, ஈஜிபுரா