இரும்பில் கட்டிய சிவப்பு வயர்

"மொதல்ல அந்த வண்டில லைட்டு எரியட்டும். அப்பறம் வாரேன்."

பெருமாள்மலை நிறுத்தத்தில் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு என் மனைவி சொன்னது இது. மகளுக்குப் பிள்ளைப்பேறு. மூன்று மாதம் கூட இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. அந்தப் பிள்ளை இப்போது ஃபோனில், "தாத்தா, சாப்ட்டியா?" என்று என்னை விசாரிக்கிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நியாயம்தான். நியாயமான விஷயத்தில் சண்டையும் போட முடிவதில்லையே, அதுதான் கஷ்டம்.

அவள் லைட்டைச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தின மாதம் பூண்டியில் அவள் பிறந்த வீட்டுக்குப் பூண்டு எடுப்புக்குப் போய்விட்டு, என் பழைய மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தியானம் மூன்று மணிதான் இருக்கும். கவுஞ்சி தாண்டியதும் மேகம் இறங்கி ரோட்டை மூடிவிட்டது. ஹெட்லைட்டைப் போட்டேன். மஞ்சளாக எரிந்தது, பிறகு பழுத்த தக்காளி நிறத்துக்கு வந்தது, பிறகு இல்லை. வளைவு எங்கே முடிகிறதென்று தெரியாமல் மண்மேட்டில் வண்டியைச் சாய்த்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. நான் பதறிக்கொண்டு ஓடினால், அவள் ரோட்டில் உட்கார்ந்து மடியிலிருந்து சிதறிய பூண்டை ஒற்றைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் ஆகல, பூண்டு நல்லாத்தான் கெடக்கு" என்றாள்.

பெருமாள்மலைக்கு மேலே எங்கள் வீட்டின் முன் அறையில்தான் என் கடை. மிக்ஸி, ரேடியோ, ஹீட்டர் பழுது பார்க்கிறேன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. பிரித்துப் பார்த்து, திரும்பச் சேர்க்கத் தெரியாமல் விழித்து, அப்படி வந்த தொழில். தொழிலைவிட எனக்குப் பிடித்தது வருகிறவர்களின் பேச்சு. ஒரு அம்மா மிக்ஸியை மேஜைமேல் வைத்துவிட்டு, "சத்தம் மட்டும் போடுது, ஒரு சோலியும் பாக்க மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரு மாதிரியே" என்பார். கேரட் ஏற்றி வந்த ஒருவர், "எங்க வீட்டுக்குள்ள மேகம் வந்து உக்காந்துருச்சுங்க, டீ குடுத்தாத்தான் போகும்போல" என்பார். கடையைச் சாத்தியதும் இதையெல்லாம் உள்ளே கொண்டுபோய் அவளிடம் சொல்வேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். சிரிப்பு வந்தால் கரண்டியால் பாத்திரத்தை ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தச் சத்தத்துக்காகவே சில பேச்சில் நானாக உப்புப் போட்டதும் உண்டு.

அவள் போனபிறகு கேட்ட பேச்சையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன், ஃபோனில் சொல்லலாமென்று. சொல்லும்போது பிள்ளை அழும், குக்கர் கத்தும், "என்ன சொன்னீங்க?" என்பாள். மறுபடி சொன்னால் பேச்சு ஆறிப்போய்விடும். தாள்கள் ஆணியில் அப்படியே தொங்கின.

வண்டியும் தார்பாயின் கீழ் அப்படியே நின்றது. ஒருநாள் வீடியோவில் பேசிக்கொண்டே வெளியே வந்தபோது பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "இது யார் வண்டி?" என்று கேட்டாள். பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "அது ஓடாத வண்டிடா செல்லம்."

மறுநாள் வெள்ளனே எழுந்து தார்பாயை இழுத்துப் போட்டேன்.

கோளாறு டைனமோவில். இன்ஜின் ஓடும்போது கூடவே சுற்றி, பேட்டரிக்குக் கரண்டு கொடுக்கும் உருளை அது. இந்தக் காலத்து வண்டியில் அப்படி ஒன்று கிடையாது. கழற்றிக்கொண்டுபோய்ச் சமையல்கட்டில் நல்ல வெளிச்சமாக இருந்த இடத்தில் உட்கார்ந்தேன், கேட்க ஆளில்லை என்கிற தைரியத்தில். திறந்ததும் ஈரத்துணி வாடை. மலை மேகம் இத்தனை வருஷமாக உள்ளே போய்ப் போய், சுருளின்மேல் சுற்றியிருந்த நாடா மக்கிப் பொடியாக உதிர்ந்தது. உள்ளே கம்பி பச்சை பூத்திருந்தது.

புதிதாகச் சுற்ற வேண்டியதுதான். பழைய கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிப் பிரித்தேன். பாதியில் ஃபோன் வந்து எண்ணிக்கை போனது. அவள்தான்.

"என்ன செய்றீங்க?"

"சும்மாதான் இருக்கேன்."

"சும்மா இருக்குற ஆளு ஏன் எழுபத்தி மூணுங்கிறீங்க?"

லைட் எரிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். எரியாவிட்டால் சொல்லவே வேண்டாம்.

புதுக் கம்பியைச் சுற்றி, நாடா கட்டி, வார்னிஷ் பூசினேன். எங்கள் ஊர்க் குளிரில் வார்னிஷ் தானாகக் காயாது. அவளுடைய தோசைக்கல்லைச் சின்னத் தீயில் வைத்து, அதன்மேல் ஒரு தகரத்தைப் போட்டு, சுருளை வைத்து மூடினேன். காய்ந்தது. பிறகு மூன்று நாளைக்கு என் தோசையில் கரண்டு வாசனை அடித்தது.

டைனமோவுக்குள் உரசித் தேய்ந்துபோயிருந்த கார்பன் துண்டுகளுக்கு மாற்று வாங்கப் பெருமாள்மலைக்கு இறங்கினேன். அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாய், என் மனைவியைத் தங்கச்சி என்பார். அதனால் நான் அவருக்கு மாப்பிள்ளை.

"என்ன மாப்ள, தங்கச்சி எப்ப வருது?"

"டைனமோவக் கழட்டிப் போட்டிருக்கேன் பாய்."

"நான் தங்கச்சியக் கேட்டா நீங்க டைனமோவச் சொல்றீங்க."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"இத அது காதுல போட்றாதீங்க" என்று சிரித்துக்கொண்டே துண்டுகளைத் தேடி எடுத்தார். பொட்டலத்தைக் கையில் கொடுத்தபின் விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணு கேளுங்க. ரொம்ப நாளு சும்மா கெடந்த டைனமோ தன் சோலிய மறந்துரும். உள்ள இருக்குற இரும்புல கொஞ்சூண்டு காந்தம் தங்கியிருக்கணும். அதுதான் அதுக்கு ஞாபகம். பேட்டரி வயர ஒரு வாட்டி லேசாத் தொட்டு எடுங்க, ஞாபகம் வந்துரும். ரொம்ப நேரம் புடிச்சா எரிஞ்சு போகும்."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பூட்டி, பேட்டரியில் வைத்துச் சோதித்தேன். மிக்ஸிக்காரன் பழக்கம்: சிவப்பை உள்ளே போகும் கம்பியில், கறுப்பை வெளிக்கூட்டில். மோட்டார் மாதிரி உர்ரென்று சுற்றியது. சமையல்கட்டில் தனியாக நின்று கைதட்டினேன், உள்ளதைச் சொல்வதற்கென்ன.

வண்டியில் மாட்டி, பேட்டரி வைத்து, கிளப்பினேன். ஹெட்லைட்டின் தலையில் ஒரு சின்ன மீட்டர் முள் உண்டு. கரண்டு பேட்டரிக்குள் போனால் வலதுபக்கம் சாயும், வெளியே போனால் இடதுபக்கம். ஆக்சிலேட்டரைத் திருகியதும் முள் இடதுபக்கம் போய்ப் படாரென்று அடித்து நின்றது. சீட்டுக்குக் கீழிருந்து புகை. பேட்டரி வயரைப் பிடுங்கினேன்.

அப்படியே வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றியது தப்பா, எண்ணியது தப்பா, ஒன்றும் பிடிபடவில்லை. எரியாவிட்டால் சொல்ல வேண்டாமென்று நினைத்திருந்தவன், ஃபோனை எடுத்து அவளுக்குத்தான் போட்டேன். தோசைக்கல் உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"ஏன் தோசைக்கல்லுல?" என்றாள் முதலில். பிறகு, "ஏங்க, அந்த வண்டிக்கு செவப்பு வயருதான இரும்புல முடிஞ்சிருக்கும்?"

"என்னது?"

"நான் டார்ச்சு புடிச்சுக்கிட்டு நிப்பேன்ல. 'ஏன் செவப்பு போயி இரும்புல கட்டிருக்கு'ன்னு ஒருக்கா கேட்டேன். 'ஊரு பூராம் கறுப்ப இரும்புல கட்டுவாங்க, இது மட்டும் புதுசாக் கல்யாணம் ஆனவன் சட்டையத் திருப்பிப் போட்ட மாதிரி மாறிக் கெடக்கு'ன்னு நீங்கதான சொன்னீங்க? நான்கூடச் சிரிச்சேன்."

எனக்கு அது நினைவே இல்லை. குனிந்து பார்த்தேன். பேட்டரியின் பிளஸ்ஸில் நான் மாட்டியிருந்த சிவப்பு வயர் நேராகப் போய் வண்டியின் இரும்புச் சட்டத்தில்தான் முடிந்திருந்தது. சோதிக்கும்போது நான் டைனமோவுக்கு மாற்றி ஞாபகம் காட்டிவிட்டேன். வண்டி ஒருபக்கம் இழுக்க, அது மறுபக்கம் தள்ளியிருக்கிறது.

ஊரார் பேச்சையெல்லாம் நான் தாளில் எழுதி ஆணியில் குத்தி வைத்திருந்தேன். என்றைக்கோ நான் பேசியதை, எழுதாமல் கொள்ளாமல், அவள் கோயம்புத்தூர்வரை கொண்டுபோயிருந்தாள்.

மறுநாள் கருகிய முனைகளைச் சுரண்டிவிட்டு, இந்தமுறை வண்டியில் இருக்கிறபடியே, இரும்பில் சிவப்பு இருக்க, கறுப்புப் பக்கத்திலிருந்து ஒரு வயரால் டைனமோவைத் தொட்டு எடுத்தேன். நீலமாக ஒரு பொறி. கிளப்பினேன். முள் கொஞ்சம் யோசித்தது. பிறகு வலதுபக்கம் சாய்ந்தது. லைட்டைப் போட்டேன். எதிரே காம்பவுண்டுச் சுவரில், அந்தப் பகலிலும், வட்டமாக ஒரு வெளிச்சம்.

ஃபோனில், "எரியுது" என்றேன்.

"நெசமாவா!"

"நீ சொன்னேல்ல, லைட்டு எரியட்டும், அப்பறம் வாரேன்னு."

அந்தப் பக்கம் பிள்ளையை யாரிடமோ கொடுப்பது கேட்டது.

"அத நெசமுன்னா வச்சுக்கிட்டிருந்தீங்க? பஸ்சு கெளம்புறப்ப உங்க மூஞ்சியப் பாக்க முடியல, சிரிக்கட்டுமேன்னு சொன்னேன். லைட்டுக்கா நான் இங்கன உக்காந்திருக்கேன்?" என்றாள். "ஊர்ல யாரு என்ன சொன்னாலும் கொண்டாந்து சொல்றீங்க. இத்தன நாள்ல வான்னு ஒரு வார்த்த உங்க வாயில வரலயே."

அவளே வருவாள் என்று நான் இருந்திருக்கிறேன். கூப்பிடட்டும் என்று அவள் இருந்திருக்கிறாள்.

"வா" என்றேன்.

"இன்னொருக்கா சொல்லுங்க, குக்கர் சத்தம்" என்றாள். எந்தக் குக்கரும் கத்தவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

"ஜூன்ல பிள்ளைய ஸ்கூல்ல சேக்குறாங்க. அது அழுகாமப் போயிப் பழகட்டும், வந்துர்றேன். அதுவரைக்கும் வண்டியச் சும்மா போட்றாதீங்க. மறந்துரும்னு பாய் சொன்னாருல்ல?"

அதனால் வியாழன்தோறும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பெருமாள்மலைக்குப் போகிறேன். பெரும்பாலும் அந்நேரம் மேகம் இறங்கியிருக்கும். வளைவில் வேகம் குறையும்போது வெளிச்சமும் சுருங்கும், திருகினால் விரியும். கோயம்புத்தூர் பஸ் வரும்வரை டீக்கடையில் நிற்பேன். இறங்குகிறவர்களைப் பார்ப்பேன். ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

"மாப்ள, வெரசாக் கெளம்புங்க, மழ வருது" என்று கடைக்குள்ளிருந்தே பாய் சத்தம் கொடுப்பார். பின்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கும் கட்டைகள் இரண்டும் விரிந்தே இருப்பதைப் பார்த்து, "தனியாத்தான போறீங்க, அத மடக்குனா என்ன? யார் காலுலயாச்சும் இடிக்கும்ல" என்று ஒருநாள் கேட்டார்.

துருப்பிடித்துப் போய் மடங்க மாட்டேனென்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம்தான் எண்ணெய் போட்டேன்.