யாழினியின் தோலும் என் பிற்பகல்களும்

முதலில் அது ஓர் ஓசையாகத்தான் வந்தது. என் மகள் யாழினிக்கு அப்போது ஒன்றரை வயது. தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தால் கன்னத்தை என் சட்டையில் மெல்லத் தேய்ப்பாள். சர், சர் என்று கேட்கும். தூக்கம் வருகிறது போலும் என்று நானும் முதுகைத் தட்டிக்கொண்டு நடப்பேன். ஒரு வாரம் கழித்து வெளிச்சத்தில் பார்த்தபோது கன்னம் சிவந்திருந்தது. முழங்கை மடிப்பில் சொரசொரவென்று ஒரு திட்டு.

நான் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனில் பேருந்து ஓட்டுகிறேன். எனக்கு விடியற்காலை ஷிப்ட். மனைவி மாலதிக்கு கடலுக்கு அக்கரையில் புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் பாலம் தாண்டிப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். காலை வேளையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் எங்கள் அடுக்குமாடியிலேயே மூன்றாம் மாடியில் இருக்கும் என் அக்கா. ஒரு மணிக்கு மேல் யாழினி என் பொறுப்பு. ஆகவே இங்கே நான் எழுதப்போவதெல்லாம் பெரும்பாலும் பிற்பகல்கள்தான். கடல் வெயிலில் வெளுத்து, தூரத்துப் பாலம் ஒன்றிலும் ஊன்றாமல் மிதப்பதுபோலத் தெரியும் பிற்பகல்கள்.

அரசாங்க கிளினிக்கில் எக்ஸிமா என்றார்கள் (தோலால் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள முடியாமல் வறண்டு, சிவந்து, அரிக்கும் நோய்). யாருக்கும் தொற்றாது. ஒரு டப்பா ஈரப்பசைக் களிம்பும், ஒரு சிறிய ஸ்டீராய்டு டியூபும் (தோலின் சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து) கொடுத்தார்கள்.

இதே நிலையில் இருக்கும் யாராவது படிக்கக்கூடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அதனால் என் தவற்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த டியூபை நான் பூசவில்லை.

ஸ்டீராய்டு போட்டால் தோல் தேய்ந்து போய்விடும் என்று அக்கா சொன்னார். கைத்தொலைபேசியில் பார்த்த காணொளிகளும் அதையே சொல்லின. மாலதி மாலையில் வந்து, மருந்து போட்டீர்களா என்று கேட்பாள். போட்டேன் என்பேன். சில நாள் ஊசிமுனை அளவு தொட்டு வைத்தேன். மற்ற நாளெல்லாம் தேங்காய் எண்ணெய். முட்டையை நிறுத்தினேன், இறாலை நிறுத்தினேன். திட்டு மட்டும் நிற்கவில்லை. முழங்கால் மடிப்புக்கும் கழுத்துக்கும் பரவியது.

இரண்டு வயதை நெருங்கும்போது அவள் பேசத் தொடங்கியிருந்தாள். அரிப்புக்கு அவளுக்கு வார்த்தை தெரியாது. "அப்பா, கை சத்தம் போடுது," என்பாள். நான் அந்தச் சிறிய கையைக் காதில் வைத்துக் கேட்பதுபோல நடிப்பேன். எனக்கு ஒன்றும் கேட்காது.

கீழே விளையாட்டுத் திடலில் ஒருநாள் ஒரு பெண் தன் பிள்ளையை ஊஞ்சலிலிருந்து தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். கடுமையாக எதுவும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தாள். யாழினி காலியான ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரத்திலேயே திட்டுகள் நீர் கசிந்தன. மேலே தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியது. காய்ச்சலும் வந்தது. சொரிந்த புண்ணில் கிருமி புகுந்துவிட்டது என்று மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். தோல் மருத்துவர் டாக்டர் நசீரா தமிழ் பேசுபவர். என்ன பூசினோம் என்று கேட்டு, நான் கொண்டுபோயிருந்த, பாதிக்குமேல் மிச்சமிருந்த டியூபை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அண்ணே, இது எப்ப கொடுத்தது?"

நான்கு மாதம் ஆகிறது என்றேன்.

"இந்தத் தோலுக்கு இது ரெண்டு வாரம்கூட வந்திருக்காது. நீங்க பூசல, இல்லையா?"

மாலதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

டாக்டர் திட்டவில்லை. என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ஒரு கோடாக அந்த ஸ்டீராய்டைப் பிதுக்கினார். விரல்களோடு என் உள்ளங்கை இரண்டு சேர்ந்த பரப்புக்கு இவ்வளவு போட வேண்டும் என்றார். சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போட்டால் தோல் தேயாது, பயந்து தொட்டுத் தொட்டு வைத்தால்தான் நோய் நீளும் என்று விளக்கினார். முட்டையையும் இறாலையும் சோதிக்காமல் நிறுத்த வேண்டாம் என்றார்.

வார்டுக்கு வெளியே நீண்ட நடைபாதை. கழுவிய தரையில் ஜன்னல்கள் தலைகீழாகத் தெரிந்தன. மாலதி குரல் உயர்த்தாமல் சொன்னாள்: "பயமா இருந்துச்சுன்னா சொல்லியிருக்கலாம்லா. நானும் சேர்ந்து பயந்திருப்பேன்."



புண் ஆறி வீட்டுக்கு வந்தபின் பிற்பகல்கள் மாறின. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடக் குளியல், நுரைக்கும் சோப்பு கிடையாது. துவாலையால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் களிம்பு. சிவந்த இடத்துக்கு விரல்நுனிக் கணக்கில் ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரம் டாக்டர் சொன்னபடி ஈரக்கட்டும் போட்டோம் (நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி உள்ளே, உலர்ந்த துணி மேலே). கிருமித் தொற்று இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. நீங்களாகவும் தொடங்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

வெள்ளைத் துணி சுற்றிய யாழினி மெத்தையில் ஒரு மேகத்துண்டுபோலக் கிடப்பாள். காற்றாடி சுற்றும். திரைச்சீலை உள்ளே வந்து வெளியே போகும். கீழே போகும் வண்டிகளின் ஓசை எங்கள் பதினோராம் மாடிக்கு அலையோசையாகத்தான் வந்து சேரும். அவள் மூச்சு சீராகும்போது என்னுடையதும் சீராகும். சில நாள் அவள் தூங்கினாளா நான் தூங்கினேனா என்று தெரியாது. கண் விழித்தால் சுவரில் வெயில் இடம் மாறியிருக்கும். எத்தனை மணி என்பதைவிட, துணி காய்ந்துவிட்டதா என்பதுதான் எனக்கு நேரமாக இருந்தது.

மூன்றாம் வாரம் முழங்கை மடிப்பில் பழைய தோல் தெரிந்தது. கொஞ்சம் வெளுப்பாக, ஆனால் வழவழப்பாக. மாலதி வேலை விட்டு வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் அதைத் தடவிப் பார்த்தாள். அக்காவை வரச்சொல்லி அவர் விரலிலும் ஸ்டீராய்டைப் பிதுக்கி அளவு காட்டினேன். அவர் கூர்ந்து பார்த்துக்கொண்டார். மறுநாள் காலைக் குளியலுக்குப் பின் அவரே பூசியிருந்தார்.

நோய் போய்விடவில்லை. புகைமூட்ட நாட்களில் திரும்ப வரும், காய்ச்சலோடு வரும், சில சமயம் காரணமே இல்லாமல் வரும். வந்தால் என்ன செய்வது என்று இப்போது எங்களுக்குத் தெரியும். எப்போது குணமாகும் என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். என் உடம்பிலும் ஏதோ மாறியிருக்கிறது. பேருந்தில் ஏறுபவர் டிக்கெட்டுக்குக் கை நீட்டினால் என் கண் முதலில் அந்த மணிக்கட்டின் தோலுக்குப் போகிறது. காற்றில் ஈரம் குறைந்தால் என் கழுத்துக்கு முன்கூட்டியே தெரிகிறது.

யாழினிக்கு இப்போது ஐந்து வயது. போன வாரம் பாலர் பள்ளியிலிருந்து அவளை அழைத்து வந்து சாப்பாடு போட்டேன். வகுப்பில் வளர்க்கும் மீன் ஒன்று கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதாக ஒரு கதையைத் தொடங்கினாள். அது முடியவே இல்லை. மீன் கடலுக்குப் போனது, பஸ் ஏறியது, என்னிடம் டிக்கெட் கேட்டது. அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சோறு ஆறிப்போனது. பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. அவள் வீட்டுக்குள் வந்ததிலிருந்து நான் ஒருமுறைகூட முழங்கை மடிப்பைப் பார்க்கவில்லை. அவ்வளவு நேரமும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.