அந்த இடது பெடல்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். வயது நாற்பத்தொன்று. மதிய இடைவேளையில், பக்கத்துக் கட்டடத்தில் தரைக்குக் கீழே இருக்கும் தளத்தில் ஒரு வாடகை அறையில் டிரம்ஸ் பழகினேன். டபுள் பேஸ் என்றால் காலுக்கொரு பெடல். இரண்டு காலும் மாறி மாறி மிதித்து, கீழே இருக்கும் பெரிய டிரம்மை அதிர வைக்க வேண்டும். என் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்கும். இடது கால் சண்டி மாடு.

"சனிக்கிழமைக்குள்ள இடது கால் சரியா வந்துட்டா நீங்கதான்க்கா எங்க டிரம்மர். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று நான் சேர ஆசைப்பட்ட இசைக்குழுவின் கிதார்காரன் சொல்லிவிட்டான். "இந்த வயசுல இது தேவையா?" என்று அண்ணன் வேறு சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை. மணி 1:12. வெறுங்காலோடு உட்கார்ந்தேன். அன்று இடது கால் அபாரமாக வந்தது. டக டக டக டக... ஓர் அடி பிசகவில்லை. பூரித்துப் போனேன்.

1:19. கால் கடுத்தது. இரண்டையும் தரையில் வைத்தேன். வலது பெடல் நின்றது.

இடது நிற்கவில்லை.

டக்... டக்... டக்...

குனிந்து பார்த்தேன். பெடல் தானாக அமுங்கி எழுந்தது. கதவு நாலடிதான், ஓடியிருக்கலாம். சபலமும் தட்டியது... அதுவே அடிக்கட்டுமே, யாருக்குத் தெரியப்போகிறது?

எனக்குத் தெரியுமே. கோபம் வந்துவிட்டது.

"எடு காலை. இது என் இடம்."

பெடல்மேல் பாதத்தை வைத்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு பாதம் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஐஸாகச் சில்லிட்டது... ஐந்து விரல்.

மிதித்தேன்.

நகரவில்லை.

மறுபடியும் மிதித்தேன்.

1:41. என் காலுக்கு அடியிலிருந்த பாதம் வழுக்கி விலகியது. மிச்ச நேரம் முழுக்க நானே அடித்தேன், கோணல் மாணலாக.

இரண்டு மணிக்குச் சாவியைக் கொடுத்தபோது அறைக்காரரிடம் கேட்டேன். "எனக்கு முன்னாடி இங்க யார் வாசிச்சாங்க?"

"ஒருத்தர் இருந்தாரும்மா. விபத்துல வலது கால் போயிடுச்சு. அப்புறமும் தினம் வந்து இடது காலாலயே அடிப்பார். போன வருஷம் தவறிட்டார்." சாவியை ஆணியில் மாட்டினார். "ஒரே ஒரு வலது கால் கிடைச்சா போதும்னு சொல்லிட்டே இருப்பார்."

படியில் இடது காலை வைத்தேன்.

வலது கால்... வரவில்லை.

கணுக்காலை யாரோ பிடித்திருந்தார்கள்.

முழங்காலை இரண்டு கையாலும் பற்றி இழுத்தேன். பதினான்கு படிக்கும் இழுத்தேன். மேலே போய், கீழே நின்ற அறைக்காரரைப் பார்த்து, "நாளைக்கும் ஒரு மணிக்கு என் பேரை எழுதுங்க" என்று கத்தினேன்.

சனிக்கிழமை என்னைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். வலது பாதம் மட்டும் இன்றுவரை சூடேறவில்லை. மருத்துவர் காரணம் சொல்லத் தெரியாமல் விழிக்கிறார். விழிக்கட்டும். கால் என்னிடம்தான் இருக்கிறது.