அம்மா கண்ட கனா

பாலோ டவுனு காப்பிக்கடையில பக்கத்து மேசை சீனக் கிழவரு போன்ல குதிரை ரேஸ் வர்ணனை கேக்குறாரு. டாக்டரு எனக்குச் சீனிய நிறுத்திட்டாரு, காப்பி வெறும் கசப்பு. அது கெடக்கட்டும். அந்த வேகப் பேச்சு அப்பாவ ஞாபகப்படுத்திருச்சு.

ரேஸ் அன்னைக்கு, தோட்டத்துல ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போறதுக்கு முன்னாடி, "கனாவுல என்னடி நம்பரு வந்துச்சு?"ன்னு அம்மாகிட்ட கேப்பாரு. ஒருவாட்டி, நல்லாத் தோத்தா ரேஸ விட்டுருவாருன்னு, எங்க லயத்துச் சனமே சிரிச்ச ஒரு நொண்டிக் குதிரையோட நம்பர அம்மா சொன்னாங்க.

அது கெலிச்சுருச்சு.

அப்பா ஆட்டுக்கறியோட வந்தாரு. அடுத்த ரேஸுக்கு அம்மாவோட கம்மலக் கேட்டாரு.

"நான் கனாவே காணலங்க, பொய் சொன்னேன்."

"பொய்யே கெலிக்குதே, நெசமாக் கண்டா எப்புடி இருக்கும்? கழட்டு."

அம்மா கடைசிவரைக்கும் காதுல ஈர்க்குச்சிதான் போட்டிருந்தாங்க.