மாமா கிழித்த அட்டை

குன்னத்துகாலில் எங்கள் வீட்டை ஒட்டி அம்மா ஓர் அட்டைப்பெட்டிக் கொட்டகை நடத்திவந்தாள். மரச்சீனிக் கிழங்கு மாவைக் காய்ச்சி, காஸ்டிக் சோடாவும், ஒட்டுக்குப் பிடிப்புத் தரும் போராக்ஸ் பொடியும் சேர்த்துக் கிளறிய பசை அங்கே எல்லாவற்றையும் ஒட்டிவைத்தது, அம்மாவையும், அவளோடு வேலைசெய்த அவளுடைய அண்ணனான மாமாவையும் தவிர. எதிரணி என்றால் என்ன என்பதை நான் முதலில் கண்டது அந்தக் கொட்டகையில்தான்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் பெட்டிகள் வாய்பிளக்கத் தொடங்கின. பனச்சமூடு சந்திப்பில் ஏத்தன் வாழைக்காய் வற்றல் ஏற்றிச் சென்ற பெட்டியொன்று பிரிந்து, பேருந்துக்குக் காத்திருந்தோரின் காலடியில் பொட்டலங்கள் சிதறின. வற்றல் வியாபாரி அன்றே வந்துவிட்டார். “வெள்ளிக்கிழமை வாறேன். அண்ணைக்கும் இளகிச்சுன்னா, பின்னே நான் பெட்டியை மார்த்தாண்டத்திலே பாத்துக்கிடுவேன்” என்றார். அவர் போய்விட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

அம்மா தொட்டியின் அடியைச் சுரண்டிப் பார்த்தாள். கரையாத போராக்ஸ் கற்கண்டுபோல் படிந்திருந்தது. சில பெட்டிகளுக்கு அது கிடைத்தது, சிலவற்றுக்குக் கிடைக்கவே இல்லை. மறுநாளே திரவ போராக்ஸ் ஒரு கேன் வாங்கிவந்தாள்.

மாமா கேனைக் குலுக்கிப் பார்த்தார்.

“பொடியிலே தண்ணியை ஊத்தித் தந்திருக்கான். பாலுக்காரனுக்குக்கூட இம்புட்டுத் தைரியம் கிடையாது.”

“நம்மளாலே கரைக்க முடியாததை அவன் கரைச்சுத் தாறான் அண்ணே. அவ்வளவுதான்” என்றாள் அம்மா.

வியாழக்கிழமை அம்மா அளந்து ஊற்றிவிட்டு வீட்டுக்குள் சென்ற நேரம், மாமா என் கண்முன்னே தம் சித்தாந்தத்தைச் செயற்படுத்தினார். தண்ணீர் கலந்த பாலென்றால் கூடுதலாகத்தானே ஊற்ற வேண்டும்? இரண்டு குவளையை ஒரே மூச்சில் கவிழ்த்தார். பசை திரண்டு, துடுப்பைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது.

“கண்டியா? ரப்பர் ஷீட்டாக்கும் இது. பாறசாலையிலே கொண்டு விக்கலாம்” என்று திரும்பிவந்த அம்மாவிடம் அறிவித்தார்.

அளவு இறங்கியிருந்த கேனை அம்மா பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உண்மையை உரைக்க நான் வாய் திறந்தேன்.

“நீ மிண்டாதே மக்கா” என்றாள்.

தொட்டியைக் கழுவி மறுபடி காய்ச்சினாள். கிளறிக்கொண்டே, திரவத்தை நூல்போல் இறக்கினாள். பசை தேனாக வழிந்தது.

வெள்ளிக்கிழமையும் மழை விடவில்லை. வியாபாரி வந்ததும், போகப்போவது தாமும் பிழைக்கும் வியாபாரம் என்பதை மறந்து, மாமா ஒரு பெட்டியை எடுத்து ஒட்டில் விரல் நுழைத்து இழுத்தார். அசையவில்லை. இரு காலையும் ஊன்றி இழுத்தார். அட்டைதான் கிழிந்தது. கிழிந்த துண்டைக் கையில் பிடித்தபடி மாமா ஈரமண்ணில் அமர்ந்தார்.

“பேப்பரு கிழியுது, ஒட்டு விடல்லே” என்றார் வியாபாரி. “இது போதும். ஆரு காய்ச்சினது?”

அதற்குள் நான் அட்டைக்கட்டின்மேல் ஏறியிருந்தேன். பள்ளிப் பேச்சுப்போட்டிக்குப் பழகிய குரலில், “அவையோரே, பொடி வீழ்ந்தது, திரவம் வென்றது” என்று முழங்கி, அந்த இரண்டு குவளைகளை அவைக்கு அறிவிக்கும் கட்டத்தை நெருங்கினேன். அம்மா குறுக்கே புகுந்தாள்.

“அண்ணனும் கூட நிண்ணு காய்ச்சினதாக்கும். இனி ஊத்துறதும் அண்ணன்தான்.”

மாமா எழுந்தார். கிழிந்த துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “நூலு கணக்கா ஊத்தணும். மொத்தமாக் கவுத்தா ரப்பராயிரும், தெரியுமா?” என்று வியாபாரிக்கு விளக்கலானார், பிறந்தது முதல் அதையே சொல்லிவந்தவர்போல.

நான் அட்டைக்கட்டிலிருந்து குதித்து இறங்கினேன். கைக்கு வந்த வெற்றியை அம்மா எதிரணிக்கு அள்ளிக் கொடுத்துவிட்டாள் என்றே எண்ணினேன். அதன்பின் எந்த மழைக்கும் எங்கள் பெட்டி வாய்பிளக்கவில்லை. மாமாவைத் தவிர எவராலும் அந்தக் கேனைத் தொடவும் முடியவில்லை.

இன்று பட்டிமன்ற மேடைதோறும் வென்று கோப்பையோடு திரும்புகிறேன். ஆனால் என்னிடம் தோற்ற எவரும் மறுநாள் என் வாதத்தைத் தம்முடையதாக எடுத்துப் பேசியதில்லை. அட்டைக்கட்டின்மேல் அத்தனை உயரத்தில் நின்றும், அம்மா வென்றது அன்று என் கண்ணில் படவே இல்லை.