சாத்துர்னினாவின் கறுப்புப் போர்வை

சூக்ரே என்ற மலைநகரில் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்த எவாரிஸ்டாவின் வீட்டில் கட்டிலைவிடத் தகரப் பெட்டிகளுக்குத்தான் இடம் அதிகம். ஒட்டுப் போட்ட ஜப்பானிய வேலைச் சட்டை, கண்ணாடி பதித்த குஜராத்திப் பாவாடை, உஸ்பெக் பட்டு அங்கி. ஊர் சுற்ற வந்தவர்களிடம் கெஞ்சியும் பண்டமாற்றுச் செய்தும் சேர்த்த பழந்துணிகள். இத்தனை இருந்தும் அவள் கண் கிடந்தது தோழி சாத்துர்னினாவின் தோளில்தான். கறுப்புக் கம்பளியில் ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்றாகச் சிவப்பு மிருகங்கள் நெய்த பழைய போர்வை. “நான் போனப்புறம் நீயே வெச்சுக்கடி” என்று சாத்துர்னினா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

இப்போது போய்விட்டாள். எட்டாம் நாள், அவள் உடுத்தியதை எல்லாம் துவைத்து எரிக்க, கிராமத்து ஆற்றங்கரையில் உறவு கூடியிருந்தது. எரித்தால்தான் போனவளுக்கு அங்கே உடுப்பு.

“எடுத்துக்கங்க ஞானம்மா, அம்மா சொன்னதுதானே” என்றான் மகன் ப்ரிமித்திவோ. எவாரிஸ்டாதான் அவனுக்கு ஞானத்தாய்.

இறந்தவளின் தங்கை காசிமிரா துணியைக் கல்லில் அறைந்தாள். “கொடுடா. உங்கம்மா அங்க குளிர்ல நடுங்கட்டும். இவ பெட்டிக்குக் குளிராம இருந்தா சரி.”

“பதிலா என்னோட நல்ல சால்வையைப் போடறேன் காசிமிரா.”

“ஊர்பேர் தெரியாத துணியை அவ எப்படி அடையாளம் கண்டுபிடிப்பா?”

எவாரிஸ்டா போர்வையைத் தானே வாங்கித் தண்ணீரில் அமுக்கினாள். தினமும் மார்பில் முடிச்சுப் போட்ட மூலையில் இழை நைந்து, முடிச்சின் மடிப்பு அப்படியே நின்றிருந்தது. நீவினாள்; மடிப்புப் போகவில்லை. அவள் பெட்டியிலிருந்த ஜப்பானியச் சட்டையின் முழங்கையிலும் இப்படி ஒரு மடிப்பு உண்டு. அதைக் காட்டித்தான் வருகிறவர்களிடம் பெருமை பேசுவாள். அது யார் கை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த ஆளுக்கு இப்போது குளிருமோ?

வெயிலில் காய்ந்ததும் போர்வையை அவளே நெருப்பில் இட்டாள். கம்பளி உடனே பற்றவில்லை. சுருண்டு, தலைமயிர் கருகும் வாடை அடித்தது.

நெருப்பை விட்டுக் கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போனவளின் கால் தயங்கும். பாதி மேடு ஏறியதும் எவாரிஸ்டா திரும்பிவிட்டாள்.

“பார்த்துட்டியா?” முன்னால் போன காசிமிரா தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

“ம்.”

“திட்டணும் உன்னை.” மேடு முடியும் இடத்தில் குரல் தணிந்தது. “அக்கா எடுத்துக்கிட்டாளா?”

“முழுசா எடுத்துக்கிட்டா. அந்த முடிச்சு மூலை மட்டும் கடைசியாப் போச்சு.”