நான் மிதிக்காத பிரேக்

திருவாடானைப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம் எங்களுடையது. ராமநாதபுரம் கடற்கரையோரம் இருந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த இரண்டாம் மாதமே ஒரு டயரை வெடிக்க வைத்தேன். இறங்கும்போது பாதங்கள் பெடல்களின் மேல்முனையில், பிரேக்கின் மேல் இருந்தன. சுழலாத சக்கரத்தோடு தரையைத் தொட்டுவிட்டேன். தப்பு என்னுடையது. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு பாதம் பிரேக்கை எட்டாதபடி குதிகாலை விமானத்தின் அடித்தளத்தில் ஊன்றாமல் நான் இறங்கியதே இல்லை.

இரண்டாவது டயர் வேறு கதை. தனியாகப் பறந்துவிட்டுத் திரும்பினேன். கடல்காற்று வலப்பக்கமிருந்து தள்ளியது. வலது இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி இறங்கினேன். வலது சக்கரம் தொட்டது, பிறகு இடது. டமார் என்றது. விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியது. வலது பெடலின் கீழ்ப்பகுதியை, திசை திருப்ப மட்டும், அழுத்தி மிதித்தேன்; வெடித்த சக்கரத்தில் பாரம் இறங்காதபடி கைப்பிடியை வலப்பக்கம் திருப்பி, வயிற்றோடு இழுத்துப் பிடித்தேன். ஓடுபாதையின் ஓரத்துக்கு ஒரு முழம் இருக்கையில் நின்றது. 

மதுரைக்காரரான பயிற்சியாளர் ஜீப்பில் வந்தார். கையில் தாள், நான் பிரேக்கை மிதித்ததுதான் தவறு என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

"போடும்மா. பதட்டத்துல பொம்பளப்பிள்ளைக காலு தானா மிதிச்சிரும்."

"நான் மிதிக்கல சார். டயரப் பாத்துட்டுப் பேசுவோம்."

மெக்கானிக் கழற்றி வைத்த டயரை வெளிச்சத்துக்கு உருட்டி வந்தேன். பிரேக்கால் தேய்ந்திருந்தால் ஒரே இடத்தில் ரப்பர் போய் நூல் தெரியும். என் முதல் டயரில் பார்த்திருக்கிறேன். இதில் அது இல்லை. விமானத்தின் அடிப்பக்கம் பார்த்திருந்த உட்பக்கச் சுவர் முழுக்கப் பழைய கீறல்கள். அதில் ஒன்று பிளந்திருந்தது.

"காலைல பறக்குறதுக்கு முன்ன குனிஞ்சு உட்பக்கம் பாக்காதது என் தப்பு சார். அத எழுதுங்க, போடுறேன். பிரேக்குக்குப் போட மாட்டேன்."

மூன்று நாள் எனக்கு விமானம் தரவில்லை. அய்யாவுக்குப் போன் செய்தேன்.

"ஒரு கையெழுத்துத்தான ஆத்தா? போட்டுட்டுப் படிப்பப் பாரு."

"முடியாதுய்யா. இதப் போட்டா ஒவ்வொரு டயருக்கும் என் கால்மேலதான் பழி சொல்லுவாக."

நான்காம் நாள் காலை மற்ற விமானங்களின் அடியில் பயிற்சியாளர் டார்ச்சோடு குனிந்திருந்தார். இன்னும் இரண்டு டயர்கள் அதே போலக் கீறியிருந்தன. பழைய தாளைக் கிழித்துவிட்டு, நான் சொன்னபடியே புதிதாக எழுதினார். மன்னிப்பு கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

"போயி மூணு லேண்டிங் போட்டுட்டு வா," என்றார்.

ஐந்து போட்டேன்.